வாரியல் ஏறாத மண்

பெருங்கடவிளைப் பக்கத்தில் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களில் சரோஜத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் கை பட்ட ஓடையில் ஒரு புல் மிஞ்சாது. வேலைக்குச் சாட்சியாகப் போட்டோ எடுக்க வருகிற பெண்கூட, "சரோஜம் அக்கா நிக்கிற பக்கம் எடுக்கேன், அதாக்கும் வேலை நடந்த மாதிரி தெரியும்" என்பாள். வீட்டு முற்றத்தில் சோற்றைக் கொட்டிப் பிசைந்து தின்னலாம், அவ்வளவு சுத்தம். காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுவாள். அடுத்த நிமிஷம் முற்றம் பெருக்கக் கையில் வாரியல் இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் சொச்சம் நிலம் கிடக்கிறது. அவளுக்கும் தம்பி கனகதாஸுக்கும் இன்னும் பாகம் பிரிக்காத மண். மேற்கு மூலையில் நாகர் காவு. பெரிய மரங்கள், பின்னிக் கிடக்கும் கொடிகள், நடுவில் பாசி பிடித்த நாகர் கல். காவுக்குள் கத்தியும் வாரியலும் ஏறக்கூடாது என்பது பழைய கட்டு. ஆயில்ய நட்சத்திரத்தன்று அரிசிமாவும் மஞ்சளும் பாலுமாக ‘நூறும் பாலும்’ படைக்கிறபோதுகூட, பூசாரி கல்லுக்கு முன்னால் கிடக்கும் இலையைக் கையால் ஒதுக்குவார், அவ்வளவுதான். ஒரு காலத்தில் நிலம் முழுதும் காவாகவே இருந்ததாம். அப்பா காலத்தில் மூலையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டி ரப்பர் வைத்தார்கள்.

ரப்பர் மூத்து, மரத்தை முறித்து விற்ற வருஷம், சரோஜத்தின் வீட்டுக்காரர் ராஜையா படுத்த படுக்கையானார். டாக்டரும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. சரோஜம் காவின் முன்னால் போய் நின்று வாய்விட்டுச் சொன்னாள்: "இந்த மனுசன் எழும்பி நடக்கட்டும். உங்களுக்க மண்ணை உங்களுக்கே விட்டுத்தாறேன்."

ராஜையா எழும்பினார். இடது கால் கொஞ்சம் இழுக்கும். நாக்கு மட்டும் முன்னைவிட நன்றாக ஓடியது.

கனகதாஸ் பாறசாலையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். நல்ல மனசுள்ளவன். அக்காவின் நேர்ச்சைக்கு மறுத்துச் சொல்லாமல், நிலத்தைச் சும்மா விட்டுப் பல வருஷம் பொறுத்தான். அதற்குள் அந்த மண்ணில் வட்ட மரமும் அயனியும் பாலையும் தானாக முளைத்து ஆள் உயரம் தாண்டி நின்றன. சரோஜத்துக்கு அதைப் பார்க்கிறபோதெல்லாம் கண் நிறையும். நாகரே வந்து நட்டது போல இருந்தது அவளுக்கு. விளக்கு வைக்கிற இடத்தை எப்படி வைத்திருப்போமோ அப்படித்தான் அந்த மரங்களின் அடியையும் வைத்திருந்தாள்.

இப்போது கைதச்சக்கை போட ஒருவர் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, கேட்டு வந்தார். அன்னாசிக்கு அங்கே அப்படித்தான் பேர். கனகதாஸ் அக்காவிடம் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நீ காடுங்கிற. ஊருல கொசு வளக்குற எடம்ங்கிறாவ. நான் யாரை நம்ப?"

"நாகரை நம்பு."

"அவரு வாயத் தொறந்து சொல்லமாட்டாரே. அந்தக் குளத்தூர்ப் பிள்ளை வாறேன்னு சொல்லியிருக்கில்லா? அது பாத்து, காடு திரும்பி வருதுன்னு சொல்லட்டு. நான் பேச்சை விட்டேன். இல்லன்னா சித்திரையில ஜேசிபி வரும்."

குளத்தூர்ப் பிள்ளை என்றது ஆதிராவை. திருவனந்தபுரத்தில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். பழைய ரப்பர் நிலத்தை ஒன்றும் செய்யாமல் விட்டால் அது மறுபடி காடாகுமா என்று, மரத்தை அல்ல, மண்ணில் ஊரும் எறும்பையும் வண்டையும் வைத்துச் சொல்கிற படிப்பு. காவு உள்ள இடங்களாகப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஆதிரா வருகிற அன்று சரோஜம் வேலைக்குப் போகவில்லை. வந்தவள் தோளில் ஒரு சல்லடை, ஒரு வெள்ளைத்துணி, பை நிறைய பிளாஸ்டிக் கப்பு. மரங்களுக்கு நடுவில் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமி, இங்க கிடந்த இலையெல்லாம் எங்க?"

"நீ வருவேன்னு விடியங்காட்டியே தூத்து வாரிட்டேன் மக்கா. ஒரு சருகு காட்டு பாப்போம்!" என்றாள் சரோஜம் பெருமையாக.

"இன்னைக்கு மட்டுமா தூத்திய?"

"எனக்க சாமிக்க மண்ணாக்கும். நாளும் தூப்பேன். வாரிக் குவிச்சு அந்தால தீ வச்சிருவேன்."

ஆதிரா கப்புகளை வாய்மட்டம் வரை மண்ணில் புதைத்து, கொஞ்சம் சோப்புத் தண்ணி ஊற்றி வைத்தாள். நடந்துபோகிற பூச்சி அதில் விழும். காவின் ஓரத்திலும் சிலதைப் புதைத்தாள். காவுக்குள் சல்லடை போடலாமா என்று அவள் கேட்டபோது, சரோஜம் கல்லைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "கையால அள்ளு. கம்பிச் சல்லடை உள்ள வேண்டாம்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஆதிரா வந்து, அகப்பட்டதை இரண்டு வெள்ளைத் தட்டில் பரப்பினாள். காவில் கிடைத்தது ஒரு தட்டு நிறைய. கறுப்பு, செம்பு, பொன்னிறம். மணல் பொடியளவு ஒன்று. கிடுக்கி போல வாயை விரித்தபடி ஒன்று. மற்றத் தட்டில், மரங்களின் அடியில் கிடைத்தது, வீட்டுச் சீனி டப்பாவில் ஏறுகிற அதே எறும்பு. வேறொன்றும் இல்லை.

"இந்தக் கிடுக்கி வாயன் கூட்டமா போகாது மாமி. ஒத்தையா இலைக்கடியில வேட்டையாடும். அழுகுன இலை இருந்தா சின்னப் பூச்சி வரும், அதைப் பிடிக்க இவன் வருவான். இவன் வந்தா காடு வருதுன்னு அர்த்தம்."

"இங்க வரல்லியா?"

"மரம் வந்தாச்சு. தரை இன்னும் முற்றம் மாதிரியே கிடக்கு."

சரோஜத்துக்குக் கொஞ்ச நேரம் மனசிலாகவில்லை. மனசிலானதும் முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். நாகரின் மண்ணுக்கு நாகர் அனுப்பினதையெல்லாம் நாள்தோறும் அவளே வாரித் தீயில் போட்டிருக்கிறாள். கும்பிட்டுக்கொண்டே போட்டிருக்கிறாள்.

"நான்தானா மக்கா விரட்டுனது?"

"தெரியாம செஞ்சது மாமி. மூணடி தூரத்துல காவு இருக்கு. அங்கேருந்து வர அவங்களுக்கு நேரம் வேணும், அவ்வளவுதான்."

சாயங்காலம் கனகதாஸ் கேட்க வந்தான். அதற்குள் ஆதிரா போய்விட்டிருந்தாள். காவில் கிடைத்த தட்டை மட்டும் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். சரோஜத்துக்கு அது மனசில் ஓடாமலில்லை. ஆனால் நாகரின் பேரால் நேர்ந்துகொண்டு நாகரின் முன்னால் பொய் சொல்வதா?

"வரல்ல தம்பி. நான் வரவிடல்ல. தூத்தே கெடுத்துப்போட்டேன்" என்று நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

கனகதாஸ் சிரித்துவிட்டான். "எக்கா, நீ திருந்த மாட்ட. சின்னப்பிள்ளையில நான் எழுதி வச்ச வீட்டுக்கணக்கை, சிலேட்டு அழுக்கா இருக்குன்னு தொடச்சவ நீ. வாத்தியாருகிட்ட நான்லா அடி வாங்குனேன்."

"அதுக்கு இப்ப என்ன செய்ய?"

"ஐப்பசியில துலாமழை கழியட்டு. அதுவரை பாட்டம் கேட்டவருகிட்ட பேசி நிப்பாட்டுறேன். அதுக்கப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

அந்த மாதங்கள் சரோஜத்துக்குப் பெரிய தவம். வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழையில் இலை ஊறிக் கறுத்தது. அதைக் காணும்போதெல்லாம் அவள் கை தன்னையறியாமல் வாரியலைத் தேடும். தேடினால் கிடைக்காது. ராஜையா அதை எடுத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துவிட்டார். முற்றத்துக்கு மட்டும் காலையில் எடுத்துக் கொடுப்பார், மருந்து கொடுப்பது போல.

பக்கத்து வீட்டு மினி வேலியோரம் நின்று கேட்டாள்: "எக்கா, உனக்குச் சொகமில்லையா? பின்பக்கம் கிடக்குற கோலமென்ன! பாம்பு வந்திராதா?"

திண்ணையிலிருந்து பதில் சொன்னது ராஜையா. "பாம்புக்க மண்ணுல பாம்பு வந்தா நீ ஏம்ளா சங்கடப்படுற? உனக்க வீட்டுக்கு வந்தா சொல்லு."

முன்பு மரத்தடியைப் பெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் சரோஜம் இப்போது காவின் முன்னால் போய் சும்மா உட்கார்ந்தாள். சும்மா இருந்து கும்பிட அவளுக்குப் பழக்கமில்லை. போகப்போக, மழை ஓய்ந்த நேரங்களில், இலைக்கடியில் எதுவோ அசைகிற சத்தம் அவள் காதில் விழ ஆரம்பித்தது.

துலாமழை கழிந்து ஆதிரா வந்தாள். கனகதாஸும் வந்தான், செருப்புக்காலோடு மரங்களுக்கிடையில் நேராக நடந்து. பாட்டம் கேட்டவர் மறுபடி போனில் விளித்திருந்தார். இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

ஆதிரா இலையை அள்ளிச் சல்லடையில் போட்டு, வெள்ளைத்துணியின்மேல் ஆட்டினாள். கறுத்த பொடி விழுந்தது. சரோஜம் கண்ணை மூடிக்கொண்டு, "நாகரே, எனக்காக வேண்டாம், சொன்ன சொல்லுக்காக" என்று முணுமுணுத்தாள்.

"மாமி, பாருங்க."

பொடிக்குள் எல்லாமே அசைந்தது. மணலளவு எறும்புகள், சுருண்டு உருளும் பூச்சி, ஒரு பச்சை வண்டு. நடுவில் தனியாக ஒருவன், வாயை அகல விரித்தபடி.

"இதுவா?" என்று கனகதாஸ் விரலை நீட்டினான். அடுத்த நொடி கையை உதறிக்கொண்டு துள்ளினான். "எம்மா! கடிச்சுப்போட்டான்!"

"பாட்டக்காரரு வந்தா இவனையே அனுப்பு" என்றார் காலை இழுத்தபடி பின்னால் வந்து நின்ற ராஜையா. "வேற பேச்சு வேண்டாம்."

"எல்லாம் வந்தாச்சுன்னு சொல்லமாட்டேன் அண்ணா" என்றாள் ஆதிரா. "காவுல உள்ளதுல பாதிகூட இல்ல. ஆனா வரத் தொடங்கியாச்சு. இனி விட்டா வரும்."

ஆராய்ச்சிக்கென்று சிலதைச் சின்னக் குப்பியில் போட்டாள். சரோஜத்துக்கு அது பொறுக்கவில்லை. "அது சாகும் இல்லியா?" என்று கேட்டு, ஆதிரா தலையாட்டியதும் அவைகளுக்காகவும் ஒரு கும்பிடு போட்டாள். மிச்சத்தைத் துணியோடு கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே உதறினாள்.

கனகதாஸ் வீங்கின விரலை ஊதிக்கொண்டே போனை எடுத்தான். "அண்ணே, அந்த எடம் ஒத்துவராது. இல்ல, ரூபாய்க்கில்ல. வேற எடம் பாத்துக்கிடுங்க." போனைப் பையில் போட்டவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, ஈர இலையில் பாதம் புதைய, வந்த வழியே மெல்ல நடந்து வெளியேறினான்.

மறுநாள் காலை சரோஜம் முற்றத்தைப் பெருக்கினாள். பலாவிலை ஒரு குவியல் சேர்ந்தது. தீப்பெட்டியை எடுக்கவில்லை. குவியலை ஓலைக் கடவத்தில் அள்ளி, பின்பக்கம் கொண்டுபோய், மரங்களின் அடியில் கொட்டிப் பரப்பிவிட்டு வந்தாள்.