நோன்புச் சங்கும் ஒரு கோலும்

யூகலிப்டஸ் தைலம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் மனோகரன் சித்தப்பாவின் முழங்கால்தான் ஞாபகம் வருகிறது; கல்கத்தா கால்பந்து கிளப் ஒன்றில் ‘ஸ்டாப்பர்’ ஆக, கோல்கீப்பருக்கு முன்னால் கடைசிச் சுவராகச் சம்பளத்துக்கு ஆடிவிட்டு, முட்டி ஜவ்வு கிழிந்து ஆம்பூருக்குத் திரும்பியவர், விடிந்தும் விடியாததுமாகக் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். தோல் கம்பெனி ஒன்று அவரைத் தன் டீமுக்குக் கோச்சாகப் போட்டது. “கப்பு வந்தா டீம் இருக்கும் மனோகர், இல்லன்னா கலைச்சிடுவோம், நீ குடோனுக்குப் போய்டு” என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னதை, சித்தப்பா சிரிக்காமல் வீட்டில் வந்து சொன்னார். ஆட முடியாத காலுக்கு அந்த வேலை ஒன்றுதான் மைதானத்தை மிச்சம் வைத்திருந்தது.

“விசில் கேக்குற வரைக்கும் நிக்காதடா” என்பதுதான் பின்வரிசையில் தடுத்தாடும் பேக்குகளுக்கு அவர் ஓயாமல் ஓதிய வேதம்.

அந்த வருஷம் பைனல் நோன்பு மாதத்தில் வந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம்: மசூதியில் நோன்பு திறக்கும் சைரன் சங்கு ஊதினால், பந்து யார் காலில் இருந்தாலும் வெளியே தட்டிவிட்டு, நோன்பு பிடித்தவன், பிடிக்காதவன், அந்த டீம், இந்த டீம் எல்லாரும் கோட்டோரம் உட்கார்ந்து பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடித்த பிறகுதான் மறுபடி ஆட்டம். சுற்றுப்பட்டு டீம்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. ஆனால் பைனலுக்கு வந்தது ஜோலார்பேட்டை ரயில்வே டீம், எங்கெங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர்கள், ரெப்ரியும் வெளியூர். அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டுமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, சித்தப்பாவுக்கும்தான்.

கோல் இல்லாமலே ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் சங்கு ஊதியது. கோட்டுக்கு வெளியே நின்ற சித்தப்பா பழக்கத்தில் கையைத் தூக்கினார்; வாய் உலர்ந்துபோயிருந்த எங்கள் பேக்குகள் அப்படியே நின்றார்கள். பந்தோடு வந்த ரயில்வே பையன் நிற்கவில்லை. காலி வழியில் நேராகப் போய் வலைக்குள் தள்ளினான், ரெப்ரி கோல் என்று விசில் ஊதினார்.

“ஸ்டாப்பராம், சொந்த டீமையே ஸ்டாப் பண்ணிட்டாரு” என்றது கூட்டத்தில் ஒரு குரல். அந்தப் பையனே ஓடிவந்தான். “அண்ணே, சத்தியமா தெரியாதுண்ணே. இன்னாத்துக்கு நிக்கிறாங்கன்னு யோசிச்சிட்டேதான் அடிச்சேன்.”

“தெரியாம அடிச்சாலும் கோலு கோலுதான்டா. சொல்லாதது என் தப்பு. கஞ்சி ஆறுது, உக்காரு” என்று சித்தப்பா அவன் கையில் டம்ளரைக் கொடுத்தார். மிச்ச ஆட்டத்தில் எங்களால் அதைத் திருப்ப முடியவில்லை.

டீமைக் கலைத்தார்கள். சித்தப்பா குடோனில் பச்சைத்தோல் அடுக்கியே வயசைக் கழித்தார். பின்னால் ஒரு பள்ளிக்கூடம் கோச்சாகக் கூப்பிட்டபோது, “ஆட்டத்த நிறுத்துனவன் பேச்ச எந்தப் பையன் கேப்பான்” என்று தட்டிவிட்டார். வற்புறுத்தாமல் விட்டுவிட்டோமே என்று எங்கள் வீட்டில் இன்றும் யாராவது ஒருத்தர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்போது அந்த மைதானத்தில் ஷூ கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. ஆட்டம் ஹைவே ஓரம், வலை கட்டி வாடகைக்கு விடும் செயற்கைப் புல்தரையில், தொழுகையெல்லாம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு. யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. போன நோன்பில் சித்தப்பாவை அங்கே கூட்டிப்போனேன். வலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பேக் பந்தோடு மேலே ஏறிப்போய்விட, அவனுக்குப் பின்னால் கோல் வரைக்கும் கோடைப் பாலாறு மாதிரி வெறிச்சென்று கிடந்தது. சித்தப்பாவின் வாய் திறந்து, மூடியது. கூப்பிட அவருக்கு அந்தப் பையனின் பேர் தெரியாது.