பேய்க்குமட்டி தின்ற எலிகள்

எங்கள் துறைத் தலைவருக்குப் பாலைவனம் என்றால் ஒரு மயக்கம். அவர் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. திருத்தணியைச் சுற்றியிருக்கிற முள்காட்டைக்கூடப் பார்த்ததில்லை. காலையில் சென்னையிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்து இறங்குவார், மாலையில் அதே பேருந்தில் ஏறிவிடுவார். ஆனாலும் ராஜஸ்தான் மணலில் எந்தச் செடி முளைத்தாலும் அதற்குள் சர்க்கரை நோய்க்கு மருந்து இருக்கிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதற்கு ஆராய்ச்சி நிதியும் வந்துவிட்டது.

நான் அந்த மருந்தியல் கல்லூரியில் ஆசிரியை. எலிகளின் கூடம் என் பொறுப்பு. ஜோத்பூரிலிருந்து முதல் மூட்டை வந்தபோது பிரித்தது நான்தான். பந்து பந்தாக, காய்ந்து மஞ்சளடித்த காய்கள். ஒன்றை எடுத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலத்தது. பேய்க்குமட்டி. கொசத்தலை ஆற்று மணலில் யாரும் சீந்தாமல் கொடி கொடியாகப் படர்ந்து கிடக்கிற அதே காய். கசப்புக்குப் பயந்து ஆடுகூட வாய் வைக்காது.

"சார், இது நம்ம ஆத்துலயே கெடைக்குமே" என்றேன்.

"நம்ம ஆத்துல கெடைச்சா அதுக்கு யார் மேடம் ஃபண்டு குடுப்பான்?" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

பேய்க்குமட்டி எதற்கு என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பேதிக்கு. சித்த வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்து, மிளகளவு கொடுத்து, அடைத்துக்கொண்ட வயிற்றைத் திறப்பார்கள். துறைத் தலைவர் எங்கோ படித்த புத்தகத்தில், பாலைவனத்து மக்கள் சர்க்கரை நோய்க்கும் இதைத் தின்பதாக ஒரு வரி இருந்திருக்கிறது. அந்த வரியை எடுத்துக்கொண்டார். அதற்கு மேலும் கீழும் இருந்ததை விட்டுவிட்டார்.

எலிகளுக்கு ஊசி போட்டுக் கணையத்தைக் கெடுத்து, நாங்களே சர்க்கரை நோயை வரவழைத்தோம். பிறகு ஒரு கூட்டத்துக்குக் காயின் சாற்றைக் குழாய் வழியாக வயிற்றில் இறக்கினோம். இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். சாறு குடித்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியது உண்மைதான். கூண்டைப் பார்த்திருந்தால் ஏன் இறங்கியது என்பதும் தெரிந்திருக்கும். உமியெல்லாம் ஈரமாகி நாறியது. எலிகள் மூலையில் ஒடுங்கி, முதுகைக் கூனிக்கொண்டு கிடந்தன. வைத்த தீனி வைத்தபடியே இருந்தது. தின்னாத எலிக்குச் சர்க்கரை ஏறுமா என்ன?

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். எலிகள் எவ்வளவு தின்றன என்பதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்றேன்.

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். "மேடம், நம்ம தலைப்புல சுகர்தான் இருக்கு. பேதி இல்ல."

எலிக்கூடத்துக்குள் அவர் ஒரு முறைகூட வந்ததில்லை. நாற்றம் ஒத்துக்கொள்ளாதாம். நாற்றம்தான் அங்கே ஆய்வின் முடிவு என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

கட்டுரை வெளிவந்தது. உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் அவரைப் பேட்டி எடுத்தார்கள். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, எங்கள் ஆய்வகத்தில், நான் கழுவி வைத்த குடுவைகளுக்கு நடுவே நின்று, "பாலைவனத்தின் பாரம்பரிய அறிவை விஞ்ஞானம் இன்று வணங்குகிறது" என்றார். எந்தப் பாரம்பரியக்காரனும் அந்தக் காயை நாங்கள் கொடுத்த அளவுக்குக் கொடுத்திருக்க மாட்டான். பாரம்பரியம், விஞ்ஞானம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அவமானப்படுத்த ஒரு திறமை வேண்டும்.

அந்தப் பேட்டியை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவர் என் பாவா. என் அக்காவின் கணவர். கனகம்மாசத்திரத்தில் திருப்பதிச் சாலையோரமாகக் கடை வைத்திருக்கிறார். கொய்யாப்பழம், தண்ணீர் பாட்டில், முறுக்கு. கார்க்காரர்கள் எதை வாங்குவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அடுத்த வாரமே கடை வாசலில் ஒட்டகம் போட்ட பலகை தொங்கியது. 'ராஜஸ்தான் பாலைவன மூலிகைப் பொடி. சர்க்கரைக்கு முற்றுப்புள்ளி. கல்லூரி ஆய்வில் நிரூபிக்கப்பட்டது.' பொடி ராஜஸ்தானிலிருந்து வரவில்லை. ஆற்று மணலில் ஆள் விட்டுப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் அரைத்தது. இந்த ஒரு விஷயத்தில் பாவாவுக்கு எங்கள் துறைத் தலைவரைவிட அறிவு அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு வந்த கூட்டம் போகிறபோதும் வருகிறபோதும் அதை வாங்கியது. காவடி எடுத்தவர்கள், மொட்டை போட்டவர்கள், சென்னையிலிருந்து குடும்பத்தோடு காரில் வந்த கணினிப் பொறியாளர்கள். படித்தவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள் என்று பாவா பெருமையாகச் சொன்னார். 'ஆய்வு' என்ற சொல்லைக் கண்டால் அவர்களுக்குக் கை தானாகப் பைக்குள் போகும்போல.

என் நைனா என்னோடு இருக்கிறார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயையும் அங்கிருந்தே வாங்கி வந்ததாகச் சொல்லிக்கொள்வார். அந்த மாதம் அவர் இளைத்துக்கொண்டே வந்தார். அடிக்கடி கழிவறைக்குப் போனார். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, கறிக்கொழம்பு ஒத்துக்கல" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலுக்குக் கிளம்புவதற்காகப் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் தடாலென்று சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் குப்புறக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கையைக் கிள்ளினால் தோல் கிள்ளினபடியே நின்றது.

ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனேன். உடம்பில் நீரே இல்லை என்று சொல்லி, குளுக்கோஸ் வேண்டாம், உப்புநீர் போடுங்கள் என்றார் பணியிலிருந்த பெண் மருத்துவர். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் நைனாவுடைய அலமாரியைத் திறந்தேன். சர்க்கரை மாத்திரைப் பட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. பக்கத்தில் ஒட்டகம் போட்ட டப்பா, பாதி காலி.

கண் திறந்ததும் அவரிடம் டப்பாவைக் காட்டினேன். "இன்னா நைனா இது?"

"உன் பாவா குடுத்தான். நல்லா கேக்குது. பத்துப் பேர் சொல்லிகினு கீறாங்க."

"இது எனக்குத் தெரியாதா? இத்த எலிக்குக் குடுத்ததே நான்தானே!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்குத் தெரியாம இருக்கும்மா. உங்க காலேஜ்லதான் நிரூபிச்சிகிறாங்களாம். போர்டுல போட்டுகீது."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கட்டிலின் இரும்புக் காலை எட்டி உதைக்கத்தான் தோன்றியது. கைரேகை தேயத் தேய எலி பிடித்த மகள் எதிரில் நிற்கிறாள். இவருக்கு ஒட்டகப் பலகை பெரிசு.

நைனா தேறி வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு காரியம் செய்தேன். பாதி கோபத்தில்தான் செய்தேன். திரும்பவும் எலிகளை எடுத்துக்கொண்டேன். சாறு குடித்த எலிகள் ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி தின்கின்றன என்று நிறுத்துப் பார்த்து, அதே அளவு தீனியை மட்டும் இன்னொரு கூட்டத்துக்கு வைத்தேன். அவற்றுக்குச் சாறு கிடையாது, தண்ணீர்தான். பட்டினி கிடந்த அந்த எலிகளுக்கும் ஏறக்குறைய அதே மாதிரி சர்க்கரை இறங்கியது. சாறு குடித்தவற்றை அறுத்துப் பார்த்தபோது குடல் உள்பக்கம் சிவந்து புண்ணாகிக் கிடந்தது. படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

கல்லூரிக் கருத்தரங்கில் அந்தப் படங்களைத் திரையில் போட்டேன். இந்தக் காயில் சர்க்கரைக்கு மருந்து இருப்பதாக எங்கள் சோதனை காட்டவில்லை, பட்டினியைத்தான் காட்டியது என்றேன். அரங்கத்தில் யாரோ செருமினார்கள். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துறைத் தலைவர் எழுந்து கையைத் தட்டினார்.

"எக்ஸலன்ட் மேடம். இதான் சயின்ஸ்" என்றார்.

நான் ஏமாந்துதான் போனேன். திருந்திவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். சில மாதம் கழித்து ஹைதராபாத்தில் ஒரு மாநாடு. 'பாலைவன மூலிகைகளின் மறைந்திருக்கும் ஆபத்துகள்' என்ற தலைப்பில் சிறப்புரை ஆற்றினார் துறைத் தலைவர். என் எலிகள், என் படங்கள். என் பெயரைக் கடைசிப் பக்கத்தில் உதவியவர்கள் வரிசையில், குளிர்சாதனம் பழுது பார்த்தவருக்கு அடுத்து போட்டிருந்தார். மருந்து என்று சொல்லி ஒரு சால்வை வாங்கினார், விஷம் என்று சொல்லி இன்னொரு சால்வை. இரண்டுக்கும் ஒரே காய்.

முதல்வரிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். உரையைத் திருப்பி வாங்க முடியாது என்றார்கள். என் வாயை அடைக்க வேறொன்று கொடுத்தார்கள்: விலங்குச் சோதனைகளுக்கு அனுமதி தரும் குழுவில் ஓர் இடம். அது ஒன்றும் செய்யாத குழு என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது எலி எவ்வளவு தின்கிறது என்று நிறுக்காத எந்தச் சோதனையும் என் கையெழுத்தில்லாமல் திரும்பிப் போகிறது. துறைத் தலைவர் அடுத்துக் கொண்டு வந்த குங்கிலியச் சோதனையும் ஒரு முள்செடிச் சோதனையும் அப்படித்தான் இரண்டு முறை திரும்பிப் போயின. முதுகுக்குப் பின்னால் எனக்கு 'நெகட்டிவ் மேடம்' என்று பெயர்.

நைனா இப்போது மாத்திரை போடுகிறார். காலையில் அவர் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பேன். வீட்டுக்கு யாராவது வந்தால், "அந்தப் பொடி சாப்ட்டு ஒடம்புல கீற விஷமெல்லாம் எறங்கிச்சு, அதான் பொழச்சேன்" என்று என் காதில் விழும்படியே சொல்கிறார். விட்டுவிட்டேன்.

பாவா பலகையைக் கழற்றிவிட்டார். பயத்தால் அல்ல, ஒட்டகம் வெளிறிவிட்டதாம். போன வாரம் ஒரு சாக்கோடு வந்தார். ஏதோ வேர். குஜராத்திலிருந்து லாரிக்காரர் கொண்டு வந்ததாம்.

"இத்தயும் ஒரு தபா எலிக்குக் குடுத்துப் பாரேம்மா. நல்ல ரிசல்ட்டா வந்தா சொல்லு" என்றார்.

"நீங்களே சாப்ட்டுப் பாருங்களேன் பாவா."

"எனக்கு எங்க சுகர் கீதும்மா?"

"எலிக்கும் இல்ல பாவா. நாங்கதான் வரவெச்சோம்."

பாவா சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.