பாக்ஸ்ப்ரோவின் நான்கு வரிகள்

போத்தனூரில் இருந்த எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில், சீனியர் அக்கா பாக்ஸ்ப்ரோ என்ற பழைய நிரல்மொழியில் ‘ப்ரௌஸ்’ என்று அடித்து என்டரைத் தட்டுகிற சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. தட்டியவுடன் வாடிக்கையாளரின் குடோனில் உள்ள நூல் முழுவதும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க நிரலை மாற்றிக் காட்டுவார் அக்கா. “கேட்ட ஒடனே பதில் சொல்லுதுங்க. வேறென்னங்க வேணும்?” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். உண்டாக்கியவர்களே கைகழுவிவிட்ட மொழியோடு இவ்வளவு கொஞ்சலா என்று தோன்றும்.

நான் பைத்தான் என்ற புதிய நிரல்மொழிமேல் பித்துப் பிடித்தவள். மற்றவர்கள் இருபது வரியில் செய்வதை மூன்று வரியில் முடித்துவிட்டுத் திரும்பப் படித்துப் பார்ப்பதில் அப்படியொரு சுகம். அந்தச் சுகத்தில் பாதி, நான் புத்திசாலி என்ற நினைப்புதான். எல்லாவற்றையும் பைத்தானுக்கு மாற்றிவிடலாம் என்று முதலாளியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். முதல் வேலையே அக்காவின் பதினைந்து வருட வாடிக்கையாளரான பவானி ஜமக்காளக்காரருடையது. கூட்டத்தில் முதலாளி அக்காவின் அபிப்பிராயத்தைக் கேட்டார். “செஞ்சு போடலாங்க” என்றதோடு சரி. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் பழைய நிரலில் நான்கு வரிகள் எனக்குப் பிடிபடவில்லை. விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. தேவையில்லாத சுமை என்று தள்ளிவிட்டேன். ஒரே சிவப்பானாலும் இரண்டு நாள் போட்ட சாயம் ஒன்றாக இருக்காது. ஒரு ஜமக்காளத்துக்கு ஒரே நாள் சாயம் போட்ட நூல்தான் போகவேண்டும். அதைக் காவல் காத்தவை அந்த நான்கு வரிகள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முந்தைய நாள் அக்கா என் நிரலை முழுக்கப் படித்தார். அந்த இடம் வந்ததும் கொஞ்ச நேரம் நின்று, என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

என் நிரல் ஒதுக்கிக் கொடுத்த நூலில் ஒரு மண்டபத்துக்கு நெய்த ஜமக்காளங்கள் அத்தனையும், பாதி அடர் சிவப்பும் பாதி வெளிர் சிவப்புமாகத் திரும்பி வந்தன. பவானிக்காரர் போனில் கத்தியபோது, “நாந்தாங்க கவனிக்காம உட்டுப்போட்டேன்” என்று அக்கா பழியை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் பவானிக்காரர் எங்களை விட்டே போய்விட்டார். அன்று மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

“நானு சொல்லியிருந்தா, பாக்ஸ்ப்ரோ மேல இருக்கற ஆசைலதான் தடுக்கறேன்னு நெனச்சிருப்பே அம்மணி.”

அப்படித்தான் நினைத்திருப்பேன். மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தும் இருப்பேன்.

இப்போது வேறு அலுவலகத்தில் நான் சீனியர். பைத்தான் மெதுவாக ஓடுகிறது, புது மொழிக்கு மாறலாம் என்கிறார்கள் இளையவர்கள். அதில் நான் எந்தக் குறையைக் காட்டினாலும், “அக்காவுக்குப் பைத்தான்னா உசுருங்க” என்று சிரிக்கிறார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று குறைகளைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். அன்று அக்காவும் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று இன்றும் ஆத்திரம் வருகிறது. சொல்லவிடாத ஒருத்தியாக நான் இருந்தேனே என்று என்மேல் அதைவிட அதிகமாக வருகிறது.