கீறியா?

நேற்றுக் காலை குளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குரல். "யம்மோவ், கீறியா?" கோவளத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பெண். கூடுவாஞ்சேரியில் இந்த மூன்றாவது மாடிவரை ஏறிவந்து என்னைத் தேடுகிற ஒரே ஜீவன் அவள்தான். "கீறேன், கீறேன்!" என்று சோப்பு நுரையோடு கத்தினேன். நான் நாகர்கோவில்காரி. இப்படிப் பேசுவதை எங்கள் ஊரில் யாராவது கேட்டால் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். ஆனாலும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. காரணம் எல்லம்மா.

செங்கல்பட்டுப் பக்கம் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். பிரசவ வார்டுக்குப் போகிற முறை வந்தது. முதல் நாளே வார்டுப் பொறுப்பிலிருந்த மேடம் சொல்லிவிட்டார்: "ஸ்டெத்தக் கழட்டி மேசைல வைங்க. ஊசி, நோட்டு எதுவும் வேணாம். வலியோட படுத்திருக்கற பொண்ணு கூட இருக்கணும். அதான் உங்க வேலை."

அப்போதெல்லாம் சொந்தக்காரர்களை உள்ளே விடமாட்டார்கள். பெற்ற தாய்கூட வெளியே வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பதில் நாங்கள். வகுப்பு பெஞ்சில் ஒருத்தியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இன்னொருத்தி உள்ளங்கையால் இடுப்பை அழுத்தித் தேய்த்துப் பழகினோம். கிச்சுகிச்சு தாங்காமல் நான் பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தேன். "முதுகு தேய்க்கவா இவ்வளவு படிச்சோம்?" என்று விடுதியில் பொருமியதும் நான்தான். புது ஸ்டெத்தைக் கழுத்தில் மாட்டி ஊருக்கு போட்டோ வேறு அனுப்பியிருந்தேன், பாருங்கள்.

எனக்குக் கிடைத்தவள்தான் எல்லம்மா. மாமல்லபுரம் பக்கம் ஒரு குப்பத்துப் பெண், கிட்டத்தட்ட என் வயது. முதல் பிரசவம். புருஷன் கடலுக்குப் போயிருந்தான். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலையில் தேங்காய் எண்ணெயும் வாடிய மல்லிகையும் கலந்த வாசனை. காலையிலிருந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலி சற்று ஓய்ந்தபோது தண்ணீர் எடுக்க நகர்ந்தேன். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்: "கீறியா?"

வயிற்றைக் கீறியா குழந்தையை எடுப்பீர்கள் என்று கேட்கிறாள். என் நாகர்கோவில் காதில் அப்படித்தான் விழுந்தது. "இல்லம்மா, இல்லவே இல்ல. பயப்படாதீங்க" என்றேன் மிகுந்த கருணையோடு. அவ்வளவுதான், ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் விடாமல் "இல்ல, இல்ல" என்று அடித்துச் சொன்னேன்.

வார்டு ஆயாம்மா ஓடிவந்தார். "இன்னாம்மா நீ? கூட இருக்கியான்னு அது கேக்குது. நீ இல்ல இல்லன்றியே!"

எனக்கு மானமே போயிற்று. எல்லம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "பொறக்கற வரிக்கும் கூடவே கீறியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீறேன்."

அப்புறம் ஒவ்வொரு வலிக்கும் அவள் கேட்பாள், நான் சொல்வேன். கண்ணைத் திறக்கவே மாட்டாள். குரல் போதும் அவளுக்கு.

இரண்டு மணிக்கு எனக்கு வகுப்பு. இன்னும் ஒருநாள் வராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டேன் என்று பேராசிரியர் ஏற்கெனவே மிரட்டியிருந்தார். பிறக்க நேரமாகும் என்றார் நர்ஸ். எல்லம்மா கண்ணயர்ந்த மாதிரி இருந்தது. கையை மெல்ல உருவிக்கொண்டு ஓடினேன். பெயரைக் கூப்பிட்டதும் "பிரசன்ட் சார்" என்றேன். அப்படியே நழுவிவிடலாம் என்று நினைத்தேன். அந்த மனிதர் கதவைச் சாத்திவிட்டார். முக்கால் மணி நேரம்.

திரும்பி வந்தபோது குழந்தை பிறந்திருந்தது. பெண். இருவரும் நலம். எல்லம்மா கண்ணைத் திறந்து அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். திட்டவில்லை.

"ரெண்டு வாட்டி கேட்டேன். நீ பேசல" என்றாள்.

அந்தப் பழைய பிரசவ வார்டை இடித்தாகிவிட்டது. இப்போது திரை போட்ட தனித்தனித் தடுப்புகள், அம்மாவோ அக்காவோ கூடவே உட்காரலாம். நல்லதுதான். யாருமில்லாமல் வருகிறவளுக்காக இன்றும் மாணவர்களைப் பழக்குகிறோம். பழக்குவது நான். முதல் நாள் பலகையில் 'கீறியா' என்று எழுதி, ஆயாம்மா திட்டியதுவரை சொல்வேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்கப்புறம் நடந்ததை உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன். எல்லம்மாவைத் தேடி அந்தக் குப்பத்துக்கு ஒருமுறை போனேன், வெகு தாமதமாக. கடல் கரையை அரித்து, வீடுகள் இருந்த இடத்தில் பாறாங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். யாரைக் கேட்பது?

நான் தனியாகத்தான் இருக்கிறேன். பகல் எப்படியோ ஓடிவிடும், சாயங்காலம்தான் தள்ளுவது கஷ்டம்.

நேற்று ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறப்பதற்குள் மீன்காரி இறங்கிப் போய்விட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள் என்றார் எதிர் வீட்டுக்காரர். காலியான படிக்கட்டைப் பார்த்து மெல்ல ஒருமுறை சொன்னேன்.

"கீறேன்."