கல்லிடைக்குறிச்சி எமனும் கரண்டுக் கிட்டாரும்

மின்சார ஆபீசில் பதினைந்து வருஷம் சம்பளம் வாங்கியும் தன் கையால் ஒரு பல்பைக்கூட மாட்டாதவர் என்ற பெருமை கல்லிடைக்குறிச்சி அருணாசலத்துக்கு உண்டு. வீட்டில் பியூஸ் போனால் அவர் பக்தி மேலிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். மனைவி சண்முகசுந்தரி ஸ்டூல் போட்டு ஏறி, பியூஸ் கட்டி, விளக்கை எரியவைத்த பிறகு இவர் வந்து, "என்ன, வந்துட்டா?" என்று கரண்டை நலம் விசாரிப்பார். ஆபீசில் கொடுத்த டெஸ்டரைக் கைக்குட்டையில் சுற்றி, திருநீற்றுப் பொட்டலத்தோடு மேசை டிராயரில் பத்திரப்படுத்தியிருந்தார். தலைக்கு நேர்மேலே தகரத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை தொங்கியது. அதில் மண்டை ஓட்டுப் படம் போட்டிருந்ததால் பதினைந்து வருஷத்தில் ஒருமுறைகூட அதை நிமிர்ந்து பார்த்ததில்லை.

இப்பேர்ப்பட்ட மனுஷன் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் வாசித்தார். அதுவும் நன்றாக. மெல்லிசைக் குழுவில் சனி, ஞாயிறுகளில் வாசிக்கும்போது மட்டும் அருணாசலத்துக்குப் பயம் என்று ஒன்று உலகில் இருப்பதே மறந்துவிடும். அதற்காகவே வாசித்தார் என்றும் சொல்லலாம்.

கிட்டாரைக் கொடுத்தவர் சிலுவை. குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மாதா கோயில் பாடற்குழுவில் ஒரு தூண். ஏதோ கப்பல்காரன் விட்டுப்போன ஜப்பான் கிட்டாரை நாலு வருஷம் முன்பு அருணாசலத்துக்குக் கைமாற்றியிருந்தார். பார்க்க லட்சணமான சாமான்தான், ஆனால் உள்ளே ஒரு தேன்கூடு இருந்தது. கையை வைத்தாலும் எடுத்தாலும் ஸ்பீக்கரில் 'ங்ஙொய்' என்று இரையும்.

1996 ஆவணியில் அதை மேலப்பாளையம் ரேடியோ மெக்கானிக் பாவாவிடம் கொண்டுபோனார். பாவா கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற 'பிக்கப்'பைப் புதிதாக மாட்டினார். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை உள்பள்ளத்தில் ஒட்டினார். கம்பிகளைத் தாங்கும் இரும்புத் தகட்டிலிருந்து உள்ளே போகிற ஒயர் ஒன்று அறுந்து கிடந்ததைக் கண்டுபிடித்து ஈயம் வைத்துப் பற்றினார். "இந்த ஒத்த ஒயருதான் அண்ணாச்சி இத்தனை நாளா உங்களுக்கு வண்டைப் பறக்க விட்டிருக்கு" என்றார். இரைச்சல் ஓடியே போயிற்று. கம்பியைத் தொட்டால் தாமிரபரணித் தண்ணீர் மாதிரி ஒலித்தது.

புரட்டாசியில் அருணாசலம் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து அம்மன் தசராவுக்கு மாலை போட்டார். நேர்ந்துகொண்டவர்கள் ஏதாவது வேஷம் கட்டி வீடுவீடாகத் தர்மம் எடுக்கவேண்டும். நேர்ந்துகொண்ட வேஷம் எமன். காளி, குறத்தி, போலீஸ் என்று எத்தனையோ இருக்க எமன் எதற்கு என்று கேட்டால், "நிஜ எமன் வேஷத்தைப் பார்த்து நம்ம ஆளுதான்னு விட்டுருவான்லா" என்பார். மாலை போட்டால் செருப்பு கூடாது. எனவே அன்றிலிருந்து வெறுங்கால்.

மாலை போட்ட ஐந்தாம் நாள் வீரவநல்லூரில் கச்சேரி. புழுதி அடங்க மேடையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அருணாசலம் கம்பியில் கை வைத்தார். யாரோ முழங்கையில் உலக்கையால் போட்டதுபோல் ஓர் அடி. பல் கிடுகிடுத்தது. ஜனம் அதைப் புதுவிதமான ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டியது. அடுத்த வாரம் பத்தமடையில் ஒன்றுமில்லை. அதற்கடுத்து வள்ளியூரில் மறுபடியும் உலக்கை.

அடிக்கிறது என்று தெரிந்தால் ஒருமாதிரி பயம். அடிக்குமா அடிக்காதா என்று தெரியாவிட்டால் அது வேறு மாதிரி பயம். அருணாசலம் இரண்டாவது வகையில் ராத்தூக்கம் இழந்தார். பாவாவிடம் ஓடினார். பாவா ரப்பர் செருப்போடு கட்டைப் பலகைமேல் உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி, உங்க உடம்புல எதும் கோளாறா?" என்றார்.

ஆக, மெக்கானிக் பேரில் தப்பில்லை. அருணாசலம் தர்க்கரீதியாக யோசித்தார். மாலை போடும் முன் அடிக்கவில்லை, போட்டபின் அடிக்கிறது. அம்மனுக்கு இந்தக் கிட்டார் பிடிக்கவில்லை.

"அம்மனுக்கு வேற சோலி இல்லையா?" என்றாள் சண்முகசுந்தரி. "பயமா இருந்தா தூக்கிக் குடுத்துத் தொலைங்க."

"யாருக்குக் குடுக்க? வாங்குதவன் செத்துப்போனா?"

"அப்ப வச்சுக்கிடுங்க."

"நான் செத்துப்போனா?"

"ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க. எனக்கு உலையில அரிசி போடணும்."

விற்பதா, மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று அவர் திருநீறு பூசிப் பூக்கட்டிப் பார்க்கத் தயாராகும் நேரத்தில்தான் சிலுவை வந்தார். வள்ளியூர்க் கச்சேரியை அவர் கேட்டிருந்தார். கொடுத்த பொருள் இப்படி மணியாக மாறிவிட்டதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டதாம்.

"வே அருணாசலம், எங்கிட்ட ஒரு மரக்கிட்டார் இருக்கு. கரண்டே வேண்டாம். அதை எடுத்துக்கிட்டு இதைத் திருப்பித் தாரும். கூட ஒரு டேப் ரெக்கார்டரும் தாரேன். எம் பொண்டாட்டி விக்டோரியா உமக்கு வஞ்சிரக் கருவாடுகூடக் குடுத்துவிட்டா. நீரு மாலை போட்டிருக்கீருன்னு வழியிலதான் ஞாவகம் வந்துது."

கரண்டே வேண்டாம்! அந்த இரண்டு சொல்லில் அருணாசலத்துக்கு முக்தி தெரிந்தது. அடிக்கிற சமாச்சாரத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் மாற்ற மாட்டார். வாயை மூடிக்கொண்டார். நவராத்திரிக் கச்சேரி அன்று மத்தியானம் ஊர் அம்மன் கோயில் மேடையில் வைத்துப் பார்த்து மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று.

அன்றைக்கு அருணாசலம் தர்மம் எடுக்கப் போன கோலத்தில் நேராக மேடைக்கு வந்தார். கறுப்புச் சாயம், தலையில் கொம்பு, வாயை மறைக்கிற மீசை, கையில் மரக் கதாயுதம். அத்தனை சாயத்துக்கும் அடியில் முகம் வெளிறியிருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். மைக்செட் கனி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். சிலுவை துறைமுகத்தில் கொடுத்த கனத்த பூட்சைக் காலில் மாட்டியபடி கிட்டாரைத் தோளில் போட்டார்.

அருணாசலம் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கண்ணைத் திறந்தார்.

சிலுவை வாசித்தார். ஒன்றும் ஆகவில்லை. தலையை ஆட்டி ஆட்டி ஒரு முழுப்பாட்டு வாசித்தார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அருணாசலத்துக்கு உயிர் வந்தது. கூடவே கொஞ்சம் வருத்தமும் வந்தது. மாலை போட்ட தன்னை அடிக்கிற அம்மன், மாதா கோயில்காரரைத் தொடவில்லையே!

"தேன்வே!" என்றார் சிலுவை. கிட்டாரை நாற்காலியில் சாய்த்தார். "மாத்திக்கிடுவோம். கடைசியா ஒரு பாட்டு."

"அண்ணாச்சி, கோச்சுக்கிடாதீய," என்று கீழேயிருந்து கனி கத்தினான். "கோயில் மேடை. பூட்ஸைக் கழத்திருங்க. பாக்கவங்க என்னைத்தான் ஏசுவாங்க."

"அட, மறந்துட்டேன்," என்று சிலுவை குனிந்து கயிற்றை அவிழ்த்தார். ஒரு கால் ஈரத்தில் இறங்கியது. இரண்டாவது கால்.

அருணாசலம் அந்தக் கால்களைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார். பாவாவின் ரப்பர் செருப்பு நினைவுக்கு வந்தது. ஈரத்தில் கரண்டு பாயும் என்று சொன்ன ஐந்தாவது வகுப்பு வாத்தியார்கூட நினைவுக்கு வந்தார். சிலுவையின் கை கிட்டாரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கத்தப் பார்த்தார். பயத்தில் அவருக்கு எப்போதும் குரல் வராது, இப்போதும் வரவில்லை. கூம்பு ஸ்பீக்கர் வேறு அலறிக்கொண்டிருந்தது. அருணாசலம் கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். பூ வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தது இதைத்தான்: எமதர்மராஜன் ஒரு பாட்டுக்காரர்மேல் பாய்கிறான். கதாயுதம் கிட்டாரின் கழுத்தில் விழுந்தது. அது நாற்காலியோடு கவிழ்ந்து, ஈரத்தில் கிடந்து, ஸ்பீக்கரில் 'டொய்ங்' என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. தலைப்பக்கம் ஒரு சில்லு போயிருந்தது.

"லே, கிறுக்குப் பிடிச்சிட்டாலே உனக்கு!" சிலுவையின் மரியாதையெல்லாம் கடற்கரைக்குப் போய்விட்டது.

"தொடாதீரும்... கரண்டு... வெறுங்காலு..." என்றது எமனின் வாய்.

கனி ஏறிவந்து தன் டெஸ்டரைக் கம்பியில் வைத்தான். உள்ளே சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் எரிந்தது. கனி போய், கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியின் இரண்டு கால் ப்ளக்கைப் பிடுங்கி, திருப்பிச் சொருகினான். மறுபடி டெஸ்டரை வைத்தான். வெளிச்சம் இல்லை.

"அவ்வளவுதான் அண்ணாச்சி. ப்ளக்கு மாறிச் சொருகியிருக்கு. மாறிச் சொருகினா பெட்டிக்குக் கரண்டு ஏறி, பாவா பத்தவச்சதாச் சொன்ன ஒயரு வழியா கம்பிக்கு வந்துரும். முந்தி அந்த ஒயரு அறுந்து கெடந்துது, அதனால தப்பிச்சீய." பிறகு, ரொம்ப வெள்ளந்தியாக, "நீங்க மின்சார ஆபீசுலதானே இருக்கீய?" என்று கேட்டான்.

எமன் தலைக்கொம்பைச் சரிசெய்துகொண்டான்.

சிலுவை பூட்சை மாட்டியபடியே கேட்டார். "அடிக்கும்னு உமக்கு முந்தியே தெரியும். அப்படித்தானே?"

"ரெண்டு தடவ அடிச்சுது."

"தெரிஞ்சும் என் தலையில கட்ட வந்தீரு."

"பயந்துட்டேன்வே."

சிலுவை அந்தக் கொம்பையும் மீசையையும் பார்த்தார். வாய்க்குள் சிரித்தாரா, திட்டினாரா என்று நிச்சயமில்லை. கடைசியில், "சரி, இப்பத்தான் கோளாறு தெரிஞ்சுபோச்சுல்லா. மாத்திக்கிடுவோம், தாரும்," என்று கையை நீட்டினார்.

மரக்கிட்டார் பக்கத்தில்தான் இருந்தது, கரண்டே வேண்டாதது. அருணாசலம் சில்லு போன கிட்டாரைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டார். இந்த வருஷத்தில் அவர் செய்த முதல் தைரியமான காரியம் என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் உண்மை என்னவென்றால் அவர் உடம்பு அப்போதுதான் அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"தரமாட்டேன்வே. உம்ம கோயில்ல, கலியாண வீட்டுல, எவன் எப்படிச் சொருகுவான்னு யாருக்குத் தெரியும்? அங்கன யாரு டெஸ்டர் வச்சுப் பாப்பா? எனக்குத் தூக்கம் வராது. எங்கிட்ட கிடந்தா நானாவது பயந்துக்கிட்டு இருப்பேன்."

அன்றைக்கு எமன் கட்டைப் பலகைமேல் நின்று வாசித்தான். பாட்டுக்குப் பாட்டு கனி வந்து டெஸ்டர் வைத்துக் காட்டினான். சிலுவை முன்வரிசையில், பூட்சோடு, கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை அருணாசலம் ஆபீசுக்கு அரைமணி நேரம் முன்பாகவே போனார். டிராயரைத் திறந்து, திருநீற்றை நெற்றியிலும் டெஸ்டரைச் சட்டைப்பையிலும் வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மண்டை ஓட்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, தகரப் பலகையை மேலிருந்து கீழ்வரை, அச்சகத்தின் பெயர் உட்பட, வாசித்து முடித்தார். மூன்றாவது வரி ஈரத்தையும் வெறுங்காலையும் பற்றியது.