சகலையின் பின்னிருக்கை

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலையில் வேலைக்குப் போகும் நேரத்தில், தண்ணீர்த்தொட்டி மேட்டின் நடுவே, பம்புத் தொழிற்சாலையின் பண்டகக் காப்பாளருடைய மனைவியைக் கண்ணாடிக் கடைக்காரர் தம்முடைய ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, கணவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, ஒரே மூச்சில் மேடேறிச் சென்றார். போகும்போது ஒரு முறை ஆரனும் அடித்தார். அந்த ஆரனுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. சாலையில் ஒரு கோழிகூட இல்லை.

இதுதான் குற்றச்சாட்டு. பண்டகக் காப்பாளர், அதாவது ஊரார் வாயில் ஸ்டோர்காரர், அன்று மாலையே இதை எழுதி, கார்பன் தாள் வைத்து ஒரு நகலும் எடுத்துக்கொண்டார். எதிரி வேறு யாருமல்ல. மனைவியின் தங்கையைக் கட்டியவர். அவருடைய சொந்தச் சகலை. ஒரே வீட்டின் மாடியில் அவர், கீழே இவர். இருவருடைய ஸ்கூட்டர்களும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே சாம்பல் நிறத்தில் வாங்கப்பட்டவை.

வாங்கிய பிறகு இரண்டும் வளர்ந்த விதம்தான் வேறு. ஸ்டோர்காரர் தம் வண்டிக்கு இரண்டு துணி வைத்திருந்தார். ஒன்று புழுதிக்கு, ஒன்று பளபளப்புக்கு. வண்டியோடு வந்த கையேட்டைக் கதைப் புத்தகம்போல் தொடக்கம் முதல் முடிவு வரை படித்து, எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது, எப்படித் தின்கிறது என்பதையெல்லாம் யாரிடமும் கேட்காமல் தாமாகவே கற்றுக்கொண்டார். சகலையோ, மழை பெய்தால் வண்டி கழுவப்பட்டதாக எண்ணிக்கொள்பவர். ஆயில் மாற்றுவது ஞாபகம் வந்தால் உண்டு. அப்படிப்பட்ட வண்டி வெண்ணெயில் கத்தி போல் மேடேறியது. இவருடைய வண்டி மட்டும் முரண்டு பிடித்தது.

சமதரையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. நிறுத்தி வைத்து ஓடவிட்டால் வயிறு நிறைந்த பூனைபோல் முனகும். மேட்டில் ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கினால்தான் வினை. இரண்டு தும்மல், ஒரு குலுக்கல், பிறகு மூச்சு முட்டி நின்றுவிடும். தனியாகப் போனால் எப்படியோ முக்கி முனகி ஏறும். இது போதாதென்று ஹேண்டில்பார் இடப்பக்கமே இழுக்கும், கொஞ்சம் வேகம் எடுத்தால் மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டும். மனைவிக்கு மேட்டின் உச்சியில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இவருடைய தொழிற்சாலை மேட்டுக்கு அந்தப் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே வண்டியில்தான் போனார்கள். அந்த ஒன்பதாம் தேதி, பாதி மேட்டில் மனைவி இறங்கி, வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய நேரத்தில்தான் சகலை வந்து சேர்ந்தார்.

"அக்கா, ஏறுங்க. சகலை வண்டிய தள்ளிக்கிட்டு வரட்டும், அவருக்கும் உடம்புக்கு நல்லது."

"வரட்டுமாங்க? நேரமாச்சு," என்று மனைவி கேட்டாள். ஆனால் கேட்டு முடிப்பதற்குள் ஏறிவிட்டாள். அடுத்த நாளும் அவ்வாறே. அதற்கடுத்த வாரம் பாதி மேடு வரை காத்திருக்கும் பாசாங்குகூட இல்லை. வீட்டு வாசலிலேயே ஏறினாள். மாடிப்படியில் நின்ற மைத்துனி, "மாமா, இவரு அக்காவ பத்திரமா கொண்டு விட்டுடுவார், கவலப்படாதீங்க," என்றாள். மூலை திரும்பும்போது மனைவி எதற்கோ சிரிப்பது கேட்கும். என்ன சொல்லிச் சிரிக்க வைத்தான் என்பது இவருக்குத் தெரியாது. மாலையில் கேட்டால், "ஒண்ணுமில்லங்க, தம்பி ஏதோ சொல்லிச்சு," என்பாள். அந்த 'ஏதோ' இவருடைய நெஞ்சில் மீன்முள்ளாகத் தைத்து நின்றது.

ஆகவே வண்டியைச் சீராக்கினால் மனைவி பின்னிருக்கைக்குத் திரும்புவாள் என்று முடிவு செய்து, வேலையை முறைப்படி தொடங்கினார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதற்குப் பிறகு ஒரு முறை மேடேறிப் பார்ப்பது. பிளக்கைக் கழற்றினார். நுனி அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் மிகுதி, காற்று குறைவு என்று அதற்குப் பொருள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். காற்று வடிகட்டியைத் தட்டினார். பிறகு புதிதே வாங்கிப் போட்டார். புகைக்குழாயின் கரியைச் சுரண்டினார். பிரேக் பிடித்துக்கொள்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். தலையாட்டலுக்காக டயரில் காற்றை அளந்தார், ஹேண்டில்பாரின் கழுத்தில் உள்ள பேரிங்கை மாற்றினார். பிளக் மறுபடியும் கறுத்தது. வண்டி மறுபடியும் தும்மியது. தலையாட்டல் குறைவதற்குப் பதிலாகக் கூடியது.

தொழிற்சாலைப் பண்டகசாலையில், பழைய பாகத்தைத் திருப்பிக் காட்டாமல் புதிய பாகம் யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த வழக்கம் இவருடைய ரத்தத்தில் ஊறியிருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் துணியில் சுற்றி, சீட்டு கட்டி, ஒரு கித்தான் பையில் போட்டு, ஹேண்டில்பாரின் இடப்பக்கம் தொங்கவிட்டிருந்தார். ஒரு நாள் யாராவது கேட்பார்கள், அன்று சாட்சி வேண்டும். அன்று முதல் சேர்ந்த ரசீதுகளும் குறிப்புகளும், மார்ச் மாதத்துக்கு முன்பே உப்பிப்போன ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அதை இருக்கைக்கு அடியில், பின்புறம் உள்ள குழிவில் செருகி வைத்திருந்தார். மழையும் படாது, அடுத்தவன் கையும் படாது.

மெக்கானிக்கிடம் போகும்போது மட்டும் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் பரப்புவார். மெக்கானிக், காதை வைத்தே கோளாறு சொல்பவர் என்பதால் 'காதுக்காரர்' என்று பெயர் வாங்கியவர், பரப்பியதை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு மேடேறி, சீழ்க்கை அடித்தபடி திரும்பி வந்தார்.

"சார், சிங்கம் மாதிரி போகுது."

"எனக்கு மட்டும் ஏன் போக மாட்டேங்குது?"

"அதுகிட்ட கொஞ்சம் அன்பா பேசிப் பாருங்க சார். எப்பப் பாத்தாலும் வாத்தியார் மாதிரி மொறைச்சா அது என்ன பண்ணும்?"

இந்தப் பேச்சு எப்படியோ மாடிக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலை சகலை பல் துலக்கிக்கொண்டே படியில் இறங்கி வந்தார்.

"சகலை, ஒரு நாள் மாத்தி ஓட்டிப் பாப்போமா? என் வண்டிய நீங்க, உங்க வண்டிய நான். எது குத்தம்னு தெரிஞ்சிடும்ல?"

ஸ்டோர்காரர் இதற்காகவே காத்திருந்தார். கடையில் முதலில் கை வைத்து வண்டியைத் தேர்ந்தவர் சகலை. நல்லதை அவர் எடுத்துக்கொண்டு நோயாளியை இவர் தலையில் கட்டினார் என்பது இவருடைய நெடுநாள் ஐயம். "சரி," என்றார். தம் சாட்சிகளை எதிரியின் கையில் ஒப்படைக்க முடியாதல்லவா? பையைக் கழற்றிச் சகலையின் வண்டியில் மாட்டினார். உறையையும் அதே போன்ற குழிவில் பத்திரமாகச் செருகினார்.

அன்று நடந்ததை அவரால் சாகும்வரை மறக்க முடியாது. சகலையின் வண்டி, அந்தப் புகழ்பெற்ற வண்டி, இவரை ஏற்றிக்கொண்டு பாதி மேட்டில் தும்மியது. தலையாட்டியது. மூச்சு முட்டி, நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. அதே நொடியில், இவர் இரண்டு துணி வைத்துத் துடைத்து வளர்த்த சாம்பல் நிற வண்டி, சகலையையும் மனைவியையும் சுமந்து, பாட்டுப் பாடாத குறையாக இவரைக் கடந்து போனது. மனைவி திரும்பிக் கையசைத்தாள். அவள் முகத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

ஆக, குற்றம் வண்டியில் இல்லை. குற்றம் தம்மில் இருக்கிறது. இரண்டு வண்டிகளும் ஒன்று கூடிச் சகலையின் பக்கம் சாய்ந்துவிட்டன; மனைவி மூன்றாவது. மாலையில் சகலை சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, "என்ன சகலை, என் வண்டிக்கும் ஜலதோஷம் புடிச்சிடுச்சா?" என்று கேட்டார். மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மனைவி சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு இவருக்குத் தெரிந்தது. சிரிப்பைவிட அது சுட்டது.

பையையும் உறையையும் தம் வண்டிக்கே மாற்றிக்கொண்ட பிறகு, அவர் அதைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை சகலை கண்ணாடிச் சட்டங்கள் வாங்க வெளியூர் போயிருந்தார். ஸ்டோர்காரருக்குத் தொழிற்சாலையில் சரக்குக் கணக்கெடுப்பு. விடியற்காலையிலேயே கம்பெனி வேன் வந்து அவரை அள்ளிக்கொண்டு போனது. மாலையில் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். வண்டி வேறு திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. எஞ்சின்மேல் கை வைத்தார். சுட்டது.

"வண்டிய யார் எடுத்தது? அவன்தான் ஊர்ல இல்லையே?"

"நான்தான்," என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். நீங்க கேட்டதே இல்லையே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "மேட்டுல நின்னுச்சா?"

"ஏன் நிக்கணும்? சும்மா ஜிவ்வுன்னு போச்சு. என் கூட வேலை பாக்கறவளையும் பாதி வழியில ஏத்திக்கிட்டேன்."

"நீ என்ன பண்ணின? எதையாவது தொட்டியா? மறைக்காம சொல்லு."

"ஐயோ, ஒரு ஸ்க்ரூவையும் தொடல சாமி. டிபன் டப்பா வைக்க இடமில்ல. உங்க இரும்புக்கடைப் பைய கழட்டி வச்சேன். சீட்டுக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்துச்சு பாருங்க, அது அந்தக் குழாய் வாய்ல போய் அப்பிக்கிட்டு இருந்துச்சு. பிச்சு எடுக்க வேண்டியதா போச்சு. பத்திரமா பீரோ மேல இருக்கு. ஒரு காகிதமும் கொறையல."

எஞ்சின் காற்றை இழுக்கும் குழாய் அந்தக் குழிவில்தான் வாய் திறக்கிறது. அவர் அதை உடனே நம்பவில்லை. மறுநாள் காலை, தெருவில் யாரும் இல்லாத நேரத்தில், உறையைக் குழிவில் செருகி, பையைத் தொங்கவிட்டு மேடேறினார். வண்டி தும்மியது, தலையாட்டியது. இரண்டையும் சாலையோரக் கல்மேல் வைத்துவிட்டு மறுபடியும் ஏறினார். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க அதற்கேற்ற காற்று உள்ளே பாய்ந்தது. இடப்பக்கம் இழுக்க எடை எதுவும் இல்லை. உச்சியில் நிறுத்தி, இருக்கையைத் தூக்கி அந்தக் குழாய் வாயைப் பார்த்தார். வழக்குக்காகச் சேர்த்த சாட்சிகளே எஞ்சினின் தொண்டையை அடைத்திருந்தன. சகலையின் வண்டிக்கு ஜலதோஷம் கொடுத்ததும் அவைதாம்.

மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். இம்முறை சகலைமேல் அல்ல. முகம் தெரியாத, மனைவியோடு வேலை பார்க்கும் ஒருத்திமேல். தாம் ஒருபோதும் உட்காராத தம் சொந்தப் பின்னிருக்கையில் அவள் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, கார்பன் தாள் இல்லாமல், ஒரே ஒரு பிரதி எழுதினார். மனைவியின் டிபன் டப்பா மூடிக்கு அடியில் அதை வைத்தார்.

"மார்ச் ஒன்பதாம் தேதியிட்ட குற்றச்சாட்டு இதன்மூலம் திரும்பப் பெறப்படுகிறது. ஆரன் அடித்தது மட்டும் நிலுவையில் உள்ளது. வண்டியின் குறை கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது; கண்டறிந்தது நீ. வரும் திங்கட்கிழமை காலை, நான் ஓட்ட நீ பின்னால் அமர்வாயா? அல்லது நீ ஓட்டி, மேட்டின் உச்சி வரை என்னைப் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்வாயா? அங்கிருந்து இறக்கத்தில் நான் நடந்து போய்க்கொள்வேன். அல்லது தம்பியோடுதான் போவாயா? மூன்றில் எது என்பதை ஞாயிறு மாலைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். வாய்மொழியும் சிரிப்பும் பதிலாக ஏற்றுக்கொள்ளப்படமாட்டா."