ஆர்டர் வந்த கோடை

பெயின்ட் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டால், நம் மூச்சே பக்கத்தில் வேறு யாரோ நின்று விடுகிற மூச்சு மாதிரி கேட்கும். படகுக்கு நீலம் அடித்துவிட்டுத் தூக்கிப்போட்ட டப்பா அது. எத்தனை முறை மணல் போட்டுத் தேய்த்தாலும் அந்த நெடி போகாது, வெயிலில் தகரம் காதைச் சுடும், ஆணியால் குத்திப் பிளந்த விரலகலக் கீறல் வழியே கடலில் ஒரு துண்டு மட்டும் தெரியும். பத்து வயதுக் கோடை விடுமுறையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மாம்பழமும் இல்லை, திருவிழாவும் இல்லை, அந்த டப்பாவுக்குள் கேட்ட மூச்சுதான். அந்தக் கோடையில் நான் வாளேந்திய துறவியாக இருந்தேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானே இதை வேடிக்கைக் கதையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் பாதியோடு நிறுத்திவிடுவேன்.

மாமல்லபுரத்திலிருந்து நெம்மேலிக்குப் போகிற வழியில் சாலையை விட்டுக் கிழக்கே இறங்கினால் எங்கள் குப்பம். கடலைப் பார்த்த முதல் வரிசையில் பதினைந்து வீடுகள், பின் வரிசையில் நாங்கள், வடக்கே சவுக்குத் தோப்பு. என் பெரியப்பா மகன் முருகண்ணன் அப்போது பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியின் மெஸ்ஸில் வேலை பார்த்தார். படிப்பு முடித்துப் போகிற பிள்ளைகள் அறையில் விட்டுப்போகும் பக்கெட், கொசுவலை, பாதி தீர்ந்த ஷாம்பு என்று ஊருக்கு வரும்போதெல்லாம் எதையாவது கொண்டுவருவார். அந்த முறை கொண்டுவந்தது அட்டை கிழிந்த கனத்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும், இருபது முகம் வைத்த ஒரு தாயக்கட்டையும். "இன்னான்னு தெரில, படமா போட்டுக் கீது, பசங்க இத்த வச்சிகினு ஒரே கத்தலு" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

என்னால் அதில் படம் மட்டும்தான் பார்க்க முடிந்தது. படித்துச் சொன்னது ஜெனிட்டா. சாலையோரத்து வீட்டுப் பெண், பதின்மூன்று வயது, செங்கல்பட்டில் இங்கிலீஷ் மீடியம் படித்தாள், அந்த ஒரு காரணத்துக்காகவே எங்களை அதட்டும் உரிமை அவளுக்கு இருந்தது. எங்கள் என்றால் நானும் தேவியும். தேவி என் வயதுக்காரி, என் வகுப்பு, முதல் வரிசையில் கடைசி வீடு. அவள் அப்பா ஏழுமலை மாமாவும் என் நைனாவும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள்.

அது கற்பனையாக ஓர் உலகத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வேஷம் ஏற்று, கட்டையை உருட்டி ஆடுகிற விளையாட்டுக்கான புத்தகம். முன்னும் பின்னும் கிழிந்துபோய், முழுசாக மிஞ்சியிருந்தது ஒரே ஓர் அத்தியாயம்தான். அதன் தலைப்பை ஜெனிட்டா 'சாம்பல் விளக்கு ஆர்டர்' என்று சொன்னாள். அவர்கள் ஒரு சாமிக்கு நேர்ந்துகொண்ட வீரர்கள். இரும்புத் தலைக்கவசத்தைக் கழற்றவே மாட்டார்கள், முகத்தைப் பார்த்தவர் கிடையாது. இரண்டிரண்டு பேராக ஒரே குதிரையில், நிழல் விழாத உச்சி வெயிலில் வருவார்கள். யார் அவர்களை நம்பாமல் கேலி பேசுகிறார்களோ அந்த வீட்டுக் கதவில் ஒரு தாளை அறைந்துவிட்டுப் போவார்கள். ஏழு நாளைக்குள் அந்த வீட்டுக்காரர் போய் மண்டியிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீடு இருந்த இடத்தில் புல் முளைக்காது. ஜெனிட்டா இதைப் படிக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். தோப்பில் காற்று வேறு சும்மா இருக்காது.

அந்த இடத்தில் 'ஆர்டர்' என்றால் ஒரே விரதம் பூண்டவர்களின் சபை என்று பொருளாம். இது எனக்குத் தெரிய இன்னும் எட்டு வருஷம் பிடித்தது. ஜெனிட்டாவுக்கும் அன்றைக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஆர்டர் ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் அந்த வருஷம் குப்பத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது, முதல் வரிசைச் சுவர்களில் விரிசல். அவர்களுக்கு மேற்கே மாற்று வீடு தரப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு, சும்மா காலி செய்துவிடப் போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. வலை பின்னும் இடத்திலும் மீன் ஏலம் விடும் இடத்திலும் பெரியவர்கள் வாயில் அதே சொல். "ஆர்டர் வரட்டும், அப்பாலதான் கீது." "ஆர்டர் வந்துட்சின்னா அப்பறம் எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது." "ஆர்டர் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், பொசுக்குன்னு வந்து நிப்பான்." நான் அங்கங்கே நின்று கேட்பேன். பெரியவர்களே இப்படிப் பயப்படுகிறார்கள் என்றால் புத்தகத்தில் இருப்பது பொய்யில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

பயந்தவள் என்ன செய்வாள், அவர்களோடே சேர்ந்துகொள்வாள். தோப்பில் வைத்து மூன்று பேரும் சபதம் எடுத்தோம், சவுக்குக் கம்புதான் வாள், பெயின்ட் டப்பாதான் கவசம். ஆர்டர் செய்ததை வெளியே சொல்கிறவளின் வீட்டுக் கதவுக்கு அடுத்த தாள் வரும் என்பது சபதத்தின் கடைசி வரி. நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். தேவி மட்டும் டப்பாவுக்குள்ளிருந்து சிரித்துவிட்டாள். "ஆர்டராவது மோர்டராவது, அவனுங்க குதிரை நம்ம மணல்ல பொதைஞ்சிப் பூடும்டி" என்றாள். ஜெனிட்டா அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் தேவி வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் கடலூர்ப் பக்கம் அவள் மாமன் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. நானும் ஜெனிட்டாவும் தோப்பில் இருந்தோம், உச்சி வெயில், கரையில் ஒரு நாய்கூட இல்லை. முதல் வரிசைக் கடைசியில் ஒரு வண்டி வந்து நின்றது. ஒரே வண்டியில் இரண்டு பேர். எங்கள் ஊரில் அப்போது ஹெல்மெட் போட்டு யாரும் வண்டி ஓட்டமாட்டார்கள். இவர்கள் இரண்டு பேருமே கறுப்பு ஹெல்மெட், மணல் காற்றுக்காகவோ என்னவோ கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். பின்னால் இருந்தவர் இறங்கி, தேவி வீட்டுப் பூட்டை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார், பசை தடவினார், கதவில் வைத்து உள்ளங்கையால் நாலு அறை அறைந்தார். பிறகு தோப்புப் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். டப்பாவுக்குள் என் மூச்சு இரண்டு பேர் மூச்சாகக் கேட்டது. வண்டி போன பிறகும் வெகு நேரம் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

ஜெனிட்டாவுக்குத் தமிழ் தடுமாறும், அதனால் நான்தான் படித்தேன். மேலே முத்திரை. நடுவில் விட்டிருந்த இடத்தில் நீலப் பேனாவால் ஏழுமலை மாமாவின் பெயர், அவர் அப்பா பெயரோடு. ஏழு நாட்களுக்குள் நேரில் ஆஜராக வேண்டும் என்று இருந்தது. தவறினால் என்று தொடங்கி ஏதோ ஒன்று 'ரத்து செய்யப்படும்' என்று முடிந்தது. ரத்து என்ற சொல்லை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் கண்ணுக்கு அது ரத்தம் என்றுதான் பட்டது. "ரத்தம்னு போட்டுக் கீதுக்கா" என்றேன். என்னைவிட மூன்று வயது பெரியவளான ஜெனிட்டாவின் உதடு வெளுத்துவிட்டது.

தேவி சிரித்தாள், அதனால் வந்துவிட்டது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கதவில் தாள் இருக்கிற வீட்டைத்தானே அழிப்பார்கள், தாள் இல்லாவிட்டால் எந்த வீடென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பசை காயவில்லை, நுனியைப் பிடித்து இழுத்ததும் முழுத் தாளாக வந்துவிட்டது. அதை மடித்து என் டப்பாவுக்குள் போட்டு, தோப்பின் ஓரத்தில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்தோம். அன்றைக்கு நான் தேவியைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். இதை எழுதும்போது எனக்கு என் மேல் கோபம் வருகிறது, அந்தப் பத்து வயதுப் பெண் மேல் இரக்கமும் வருகிறது.

அந்த இரண்டு பேரும் எங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே மற்ற பதினாலு வீட்டுக்கும் தாளைக் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பூட்டிய வீடு தேவியுடையது மட்டும்தான். மாற்று வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லி சர்க்கார் ஆபீசிலிருந்து அனுப்பிய தாள் அது. முதல் வரிசைக்காரர்களின் பெயர்களை ஊர் சார்பில் எழுதிக்கொடுத்தவர் என் நைனா.

ஏழு நாளில் இரண்டு நாள் மிச்சமிருக்கும்போது தேவி குடும்பம் திரும்பியது. அன்று சாயங்காலமே ஏழுமலை மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். திருவிழாவில் அவருக்கும் நைனாவுக்கும் ஏதோ வாய்ச்சண்டை வந்து அது ஆறாமல் கிடந்த நேரம் வேறு.

"பதினாலு வூட்டுக்கு வந்துக் கீது, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு இல்ல? நீதான பேரு எழுதிக் குடுத்த?"

"குடுத்தேன் மச்சான். பூட்டிக் கீதுன்னு கதவுலயே ஒட்டிட்டுப் போனானுங்க. அவனுங்களே என்கிட்ட சொன்னானுங்க."

"எங்க கீது, காட்டு."

இரண்டு பேரும் போய்க் கதவைப் பார்த்தார்கள், நானும் பின்னாலேயே போனேன். காய்ந்த பசை மட்டும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நைனா அதை விரலால் தொட்டுக் காட்டினார். "பசைய நீயே தடவியிருப்ப" என்றார் மாமா. நைனா கெஞ்சினார்: "இன்னும் ரெண்டு நாள் கீது, வா, காலையில வண்டியில பூலாம், நான் வந்து பேசறேன்." மாமா காறித் துப்பினார். "பொய் சொல்றவன் வண்டியில நான் குந்த மாட்டேன்."

புதைத்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஓடிப்போய்த் தோண்டி எடுத்துவந்து நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். அது நல்ல தாள் என்பது அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அடுத்த தாள் எங்கள் கதவுக்கு என்ற பயம் ஒரு பக்கம், நைனா தோலை உரித்துவிடுவார் என்ற பயம் இன்னொரு பக்கம், எது பெரியது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. மறுநாள் நைனா மட்டும் தனியாக அந்த ஆபீசுக்குப் போய்வந்தார். சம்பந்தப்பட்ட ஆள்தான் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

பதினாலு வீடு மேற்கே போனது. வரிசையில் ஒற்றை வீடாக நின்ற தேவி வீட்டின் அடுப்படிச் சுவரை அந்த மழைக்காலத்திலேயே கடல் இழுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் அவர்கள் செங்கல்பட்டில் வாடகைக்குப் போனார்கள். சாமான் ஏற்றிய வண்டியிலிருந்து தேவி என்னைப் பார்த்தாள். நைனாவுக்கு ஊரில் 'பேரு வுட்டவன்' என்று பட்டம் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாள் எல்லோரிடமும் சத்தியம் பண்ணிப் பார்த்தார், பிறகு ஊர்க்கூட்டத்துக்குப் போவதையே விட்டுவிட்டார்.

பொத்தேரியில் கல்லூரியில் சேர்ந்த வருஷம், கேன்டீன் மேஜையில் நாலு பிள்ளைகள் இருபது முகக் கட்டையை உருட்டிக்கொண்டு, யார் எந்த ஆர்டரில் சேர்வது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டேன், சொன்னார்கள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஜெனிட்டா இப்போது துபாயில் இருக்கிறாள், கேட்டால் எதுவுமே ஞாபகம் இல்லை என்கிறாள். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். முதல் வரிசை இருந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர். சவுக்குத் தோப்பு இல்லை, ஒரு அடிமரம்கூட இல்லை. என் நீல டப்பாவும் அதற்குள் இருந்த தாளும் எங்கே கிடக்கின்றன என்று கடலுக்குத்தான் தெரியும். ஏழுமலை மாமா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தச் சாவுக்கு நைனா போனபோது அவரைப் பந்தலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தேவிக்கு இந்தக் கட்டுரையை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு முன் சொல்ல வேண்டிய ஒருவர் வீட்டில் இருந்தார்.

நைனா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், புத்தகம், ஹெல்மெட், ரத்து, டப்பா. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டிவியை அணைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பேப்பர்ல அவன் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு நைனா. நீலப் பேனாவுல."

"நெசமா?"

"நானே படிச்சேன்."

"நான்தான் எழுதாம வுட்டுட்டனோன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். ஊர் சொல்லிச் சொல்லி, எப்போதோ ஒரு நாள் அவரே அதை நம்பியிருக்கிறார். எழுந்துபோய் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பித்தானை ஒவ்வொன்றாக மேல்வரை மாட்டினார். வாசல்வரை நடந்தவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இத்த இப்ப யாரு அவன்கிட்ட போய் சொல்றது?" என்றார்.